நோயாளிக்குப் பக்கத்துக் கட்டில்

இங்கே ஒரு அறைக்கு இரண்டு கட்டில். ஒன்று நோயாளிக்கு, மற்றது அவரோடு வந்தவருக்கு. வீட்டிலிருந்து ஒருவராவது கூடத் தங்குவதாக இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். காலை ஆறரை மணிக்குக் கேன்டீன் வாசலில் பால் வாங்க நின்ற வரிசையைப் பார்த்தேன். தூக்குவாளியோடு ஒரு பெரியவர், நைட்டிமேல் துண்டு போட்ட நடுவயதுப் பெண், பனியனோடு ஓர் இளைஞர். யார் சிகிச்சைக்கு வந்தவர், யார் துணைக்கு வந்தவர் என்று சொல்ல முடியவில்லை. பெரியவர்தான் நோயாளி என்பது பிறகு தெரிந்தது. அந்த இளைஞர் அவருடைய மருமகன். சம்பளம் இல்லாத லீவு போட்டுவிட்டு மாமனாருக்குத் துணையாக வந்திருக்கிறார்.

மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. வட மாவட்டங்களில் ஒன்றில் இருக்கிறது என்பது போதும். இந்த நிபந்தனையை வைத்தது நிர்வாகம் அல்ல. உள்ளே இருந்த குடும்பங்கள். “சின்னப் பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம் சார். அண்ணன் இங்க இருந்தான்னு தெரிஞ்சா வர்றவங்களும் வர மாட்டாங்க” என்றார் ஒரு தாய். அதனால் ஊர், தொழில், வயது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பேச்சை மட்டும் கேட்டபடியே எழுதுகிறேன். உள்ளே நடக்கும் உரையாடல்களில் உட்கார, அந்தந்தக் குடும்பத்திடமும் நோயாளியிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டார்கள். நோயாளி வேண்டாமென்று சொன்ன இடத்தில் நான் வெளியே நின்றேன்.

வார்டின் கதவு பகலில் திறந்தே கிடக்கிறது. தாழ்வாரத்தின் கடைசியில் துணி துவைக்கும் கல். அங்கேதான் அந்தத் தாயை மறுபடி பார்த்தேன். இருபத்துச் சொச்சம் வயதான மகனுக்கு மனச்சிதைவு. மூன்றாண்டுகளுக்கு முன் ஒருமுறை அட்மிட் ஆகி, தேறி, வேலைக்கும் போய், மாத்திரையை நிறுத்தி, மறுபடி குரல்கள் கேட்க ஆரம்பித்து, இது இரண்டாவது முறை. சட்டைக் காலரைக் கசக்கிக்கொண்டே கேட்டார்: “இவன் வயித்துல இருக்கறப்போ எங்கம்மா தவறிட்டாங்க சார். பத்து மாசமும் அழுதுகிட்டேதான் இருந்தேன். அதனாலதான் இப்படி ஆயிட்டானா?”

இந்தக் கேள்வி தினமும் காதில் விழுகிறது என்றார் வார்டின் டாக்டரம்மா. ரவுண்ட்ஸுக்குக் கிளம்பும் முன் அறையில் சிறிது நேரம் பேசினோம். அவர் சொன்ன பழைய கதையைத் தெரிந்துகொள்ளாமல் குடும்ப சிகிச்சையைப் புரிந்துகொள்ள முடியாது.

அமெரிக்காவில் 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்குகிற வகைத் தாய் என்று ஒரு கருத்தை எழுதினார். அன்பும் இல்லாமல், விடவும் விடாமல், பிள்ளையைச் சிதைக்கிறவள் அவள். 1956இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கிரெகரி பேட்சன் குழு இன்னொரு கோட்பாட்டைச் சொன்னது. வாயால் வா என்றும் முகத்தால் போ என்றும் ஒரே நேரத்தில் சொல்லப்படும் பிள்ளை, இரண்டில் எதற்குக் கீழ்ப்படிந்தாலும் தப்பாகிற நிலையில் சிக்கி, அதிலிருந்து நோய்க்குள் போகிறது என்பது அதன் சாரம். குடும்பத்தை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசும் வழக்கம் இந்தச் சிந்தனைகளை ஒட்டித்தான் வளர்ந்தது. நோய்க்குக் காரணம் தாய் என்ற பகுதிக்குச் சான்று கிடைக்கவில்லை. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரக்கூடிய இந்த நோய், தாயோ தந்தையோ உடன்பிறந்தவரோ பாதிக்கப்பட்டவராக இருந்தால் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு வருகிறது. பரம்பரைக் கூறும் மூளையின் வளர்ச்சியும் வாழ்க்கையின் அடிகளும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் மருத்துவர்களின் முன்னால் குற்றவாளிகளாக உட்கார்ந்துவிட்டார்கள். நம் ஊரில் அந்தப் புத்தகங்களைப் படிக்காதவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பெத்தவ வளர்த்த வளர்ப்பு, கர்ப்பத்தில் பட்ட கிரகணம், முன்ஜென்மம். டாக்டரம்மா துவைக்கிற கல்லுக்கே போய் அந்தத் தாயிடம், “நீங்க அழுததுனால வரலைம்மா. யாரு அப்படிச் சொன்னாலும் நம்பாதீங்க” என்று நேராகச் சொன்னதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு எதையும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். சிகிச்சையின் முதல் படியே இதுதான் என்று நினைக்கிறேன். குற்ற உணர்ச்சியில் இருப்பவருக்கு வேறு எந்தப் பாடமும் காதில் விழாது.

இந்த டாக்டரம்மா படித்தது வேலூர் சிஎம்சியில். காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற டவுன் பஸ் கடைசியாய் நிற்கும் பக்கத்தில் அவர்களுடைய மனநல மையம் இருக்கிறது. 1957இல், கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் அதைத் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை உணர, அன்றைய சட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1912ஆம் வருடத்துப் பைத்தியக்காரர் சட்டம்தான் அப்போது நடப்பில் இருந்தது. மனநல மருத்துவமனை என்றால் உயர்ந்த மதில், பூட்டு, வார்டர். உள்ளே போனவரை வீடு மறந்துவிடும்.

பாகாயத்துக்கும் முன்பே அமிர்தசரஸில் ஒருவர் இதைச் செய்து பார்த்திருந்தார். டாக்டர் வித்யாசாகர். 1950களின் தொடக்கத்தில் அங்கிருந்த மனநல மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தவர். கட்டிடம் நிரம்பி வழிந்தது, ஊழியர்கள் போதவில்லை. அவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் குடும்பங்களை அங்கேயே தங்கச் சொன்னார். அவர்களைக் கூட்டி உட்காரவைத்து நோயைப் பற்றிப் பேசினார். நோயாளி தேறுவதைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள் பயம் விட்டுப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். பற்றாக்குறையைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு சிகிச்சையாகவே மாறியது. பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்ப மனநலப் பிரிவு 1977இல் வந்தது. குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டு நோயாளியை மட்டும் பார்த்த பல பணக்கார நாடுகள் பின்னால் வந்து சேர்ந்த இடத்தில், கூடாரத் துணியோடு நாம் முன்பே நின்றிருந்தோம். இதை நம் மருத்துவக் கல்லூரிகளில் எத்தனை இடத்தில் பெருமையோடு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பத்து மணிக்கு அந்தத் தாயின் கணவர் வந்தார். ஊரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். மனநலச் சமூகப் பணியாளர் என்ற பதவியில் இருக்கும் பெண், அவரைத் தனியறையில் உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டார்: “உங்க மகன் எப்படிப்பட்டவரு, உங்க ரெண்டு பேருக்கும் எப்படி, அஞ்சு நிமிஷம் சொல்லுங்க. நான் நடுவுல பேச மாட்டேன்.”

அப்பா முதலில் திணறினார். பிறகு கொட்டினார். “என்னத்தச் சொல்றதுங்க. சோம்பேறி. பத்து மணி வரைக்கும் தூக்கம். குளிக்கச் சொன்னா குளிக்க மாட்டான். வேணும்னேதான் பண்றான்னு எனக்குத் தெரியும். சாப்பாடு மட்டும் சரியா கேக்குது இல்ல? மத்த பசங்க எல்லாம் சம்பாதிக்கறானுங்க...” மூன்றாவது நிமிடத்தில் குரல் இறங்கியது. “சின்ன வயசுல நல்லா படம் வரைவான். என் வண்டி டேங்க்ல மயில் ஒண்ணு வரைஞ்சான். இன்னும் அத அழிக்கல.”

இது அரட்டை அல்ல, ஓர் அளவுகோல். அதன் கதை லண்டனில் 1950களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களுக்கு நோய் திரும்பியது அதிகம். உடன்பிறந்தவர்களிடமோ வாடகை அறைக்கோ போனவர்களுக்குக் குறைவு. வீட்டுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று மணிக்கணக்காக உறவினர்களிடம் பேசிப் பதிவுசெய்து, அவரும் பிறகு ஜூலியன் லெஃப், கிறிஸ்டின் வான் போன்றவர்களும் சிலவற்றைப் பிரித்தெடுத்தார்கள். ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுமீறிய தலையீடு ஆகிய மூன்றும் நோயைத் திரும்ப அழைக்கின்றன. அந்தப் பேட்டியிலேயே கனிவையும் பாராட்டையும் கூடக் கணக்கெடுத்தார்கள். ஐந்து நிமிடப் பேச்சு அந்த நீண்ட பேட்டியின் சுருக்க வடிவம். அப்பாவின் பேச்சில் சோம்பேறி என்பதும் வேணும்னே என்பதும் ஒரு பக்கம் சேரும். மயில் இன்னொரு பக்கம் சேரும்.

நோயை வேண்டுமென்றே செய்வதாக நினைப்பதுதான் இந்தச் சுடுசொற்களுக்கு வேர் என்று சமூகப் பணியாளர் விளக்கினார். குரல் கேட்பதையும் சந்தேகப்படுவதையும் நோய் என்று வீட்டார் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். எழுந்திருக்காமல், குளிக்காமல், யாரோடும் பேசாமல் இருப்பதை ஏற்பதில்லை. குரலைவிட இதுதான் வீட்டில் அதிகம் சண்டை மூட்டுகிறது. ஆர்வம் வற்றிப்போவதும் மனச்சிதைவின் அறிகுறிதான். மாத்திரைக்கும் அது லேசில் மசிவதில்லை. அதோடு ஓலன்சபைன் போன்ற மருந்து தூக்கத்தையும் பசியையும் எடையையும் கூட்டும். “சாப்பாடு மட்டும் சரியா கேக்குதுன்னீங்களே, அந்தப் பசி மாத்திரையோடது” என்று அவர் சொன்னபோது அப்பா நிமிர்ந்து பார்த்தார். மூன்று ஆண்டுகளில் இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

லண்டன் ஆய்வுகளில் இன்னொரு எண் உண்டு. சுடுசொல் மிகுந்த வீட்டில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து கூடுகிறது. அதனால் நேரத்தைக் குறைக்கச் சொல்வது அங்கே வழக்கமான ஆலோசனை. இந்தக் குடும்பத்துக்கு இருப்பது ஒரு ஹாலும் ஒரு சமையற்கட்டும். நான்கு பேர் அந்த ஹாலில்தான் படுக்கிறார்கள். கதவை மூடிக்கொள்ள அறையே இல்லாத வீட்டில் இடைவெளி எங்கே கிடைக்கும்? இந்தக் கேள்விக்காகவே அன்று நான் அங்கே போனேன், போனது வீண்போகவில்லை. மதியம் மூவரையும் உட்காரவைத்து, ஒரு நாளின் மணிகளை ஒரு தாளில் எழுதினார்கள். அப்பா எத்தனை மணிக்குக் கழனிக்குப் போகிறார், மகன் எப்போது எழுந்திருக்கிறான், இருவரும் எந்தெந்த நேரத்தில் ஒரே கூரையின் கீழ். மாலை ஆறு முதல் ஒன்பது வரைதான் நெருப்பு நேரம் என்று தெரிந்தது. டிவி ரிமோட்டும் அந்த நேரத்தில்தான். அந்த மூன்று மணி நேரத்தைப் பிரித்தார்கள். மகன் ஆறரைக்குத் தெருமுனை நூலகத்துக்குப் போகட்டும். அப்பா எட்டு மணிக்குச் சாப்பாடு முடித்து வெளித் திண்ணையில் உட்காரட்டும். மிகச் சாதாரண ஏற்பாடு. ஆனால் இதைக் குடும்பமே தன் வாயால் சொல்லி எழுதியதால், வீட்டுக்குப் போன பிறகும் செய்வார்கள் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

அந்த உரையாடலில் என்னை உலுக்கிய இடம் வேறு. அரை மணி நேரம் அப்பாவும் அம்மாவும் மகனைப் பற்றிப் பேசினார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமூகப் பணியாளர் பேச்சை நிறுத்தி, “நீங்க ஏதாவது சொல்லணுமா தம்பி?” என்றார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு, “நான் இங்க இல்லாத மாதிரியே பேசறாங்க. வீட்லயும் அப்படித்தான்” என்றான். அதன்பின் விதி ஒன்று போட்டார்கள். அவனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவனைப் பார்த்து, நீ என்று சொல்லித்தான் பேச வேண்டும். அம்மாவுக்கு அது வரவே இல்லை. “இவன் ராத்திரி...” என்று ஆரம்பித்து, நிறுத்தி, அவன் பக்கம் திரும்பி, “நீ ராத்திரி எழுந்து நடந்தா எனக்குப் பயமா இருக்குடா” என்றார். குற்றச்சாட்டு கவலையாக மாறிவிட்டது. அவன், “தூக்கம் வரலைன்னா நடக்கறேன். வேற ஒண்ணும் இல்லம்மா” என்றான். மூன்று வருடங்களில் அவர்களுக்குள் நடந்த முதல் நேரான பேச்சு இதுவாகக்கூட இருக்கலாம்.

அடுத்து வந்தது ரசம். மகன் மாத்திரையை நிறுத்திய பிறகு, அம்மா பல மாதங்கள் அதைப் பொடித்து ரசத்தில் கலந்து கொடுத்திருக்கிறார். ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரர் சொல்லிக்கொடுத்த வழி. ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளைப் பொடியைக் கண்டுபிடித்தான். “எனக்கு விஷம் வெக்கறாங்கன்னு காதுல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பாத்தா நெஜமாவே வெச்சிருக்காங்க” என்றான். அதன் பிறகு வீட்டில் சமைத்ததைத் தொடவில்லை. இந்தப் பழக்கம் நம் நாட்டில் மிகப் பரவலானது. செய்கிற தாயை நான் குறைசொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் ஓடும் மகனைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு வேறு என்ன வழி காட்டினோம்? ஆனாலும் இது நம்பிக்கையின் கடைசி இழையையும் அறுக்கிறது என்பதை அந்த அறையில் பார்த்தேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் சம்மதத்தை மையத்தில் வைக்கிறது. தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று தெளிவாக இருக்கும் நாளிலேயே எழுதிவைக்கும் உரிமையும் அதில் இருக்கிறது. மகன் தன் சார்பாளராக அம்மாவைச் சொல்லவில்லை. அண்ணனைச் சொன்னான். அம்மாவின் முகம் வாடியது. அதையும் பேசினார்கள்.

மாலை நான்கு மணிக்கு உறவினர்கள் கூட்டம். பாய் விரித்து முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். தாய், மனைவி, அக்கா, மகள். குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்று நாம் சொல்கிறோமே, அந்தக் குடும்பம் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான். வீட்டில் எல்லோருக்கும் பொதுவான கடமை அவள் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கணவனுக்கு நோய் என்றால் மனைவி கூட இருக்கிறாள். மனைவிக்கு நோய் என்றால்? சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தில் டாக்டர் தாராவும் சகாக்களும், மனச்சிதைவு வந்து மணவாழ்க்கை முறிந்த 76 பெண்களை ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். நோயைவிடக் கைவிடப்பட்டவள் என்ற பெயர் அவர்களை அதிகம் வதைத்தது. வயதான பெற்றோர்தான் அவர்களைச் சுமந்தார்கள். இந்தக் கூட்டத்தில் இருமுனைக் கோளாறு உள்ள ஒரு மருமகளுக்குத் துணையாக மாமியார் வந்திருந்தார். மகன் எங்கே என்று யாரோ கேட்டார்கள். “அவன் வேணாம்னுட்டான். நான் வேணாம்னு சொல்ல முடியுமா? என் பேரனுக்கு அம்மா இல்ல அவ” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் அவருடைய புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தாள்.

கூட்டத்தில் அன்றைய பாடம், நோய் திரும்புவதற்கு முன் தெரியும் அடையாளங்கள். கரும்பலகையில் பொதுவான பட்டியல் எதுவும் எழுதவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு அடையாளத்தைச் சொல்ல வேண்டும். “செருப்ப வாசல்ல நேரா அடுக்கிக்கிட்டே இருப்பாரு.” “போன் சார்ஜர எல்லாம் பிடுங்கி வெச்சிடுவா.” “சாமி ரூம்ல ரொம்ப நேரம் இருப்பான், வெளக்கு ஏத்தமாட்டான்.” “சம்பளம் வாங்கின அன்னிக்கே எல்லாருக்கும் துணி எடுத்துக் கொடுப்பாரு.” தூக்கம் கெடுவது மட்டும் ஏறக்குறைய எல்லோர் வாயிலும் வந்தது. இந்த அடையாளங்கள் தெரிந்து நோய் முழுதாக வெடிக்கும்வரை பெரும்பாலும் சில நாட்களோ சில வாரங்களோ அவகாசம் இருக்கும். அதற்குள் டாக்டரிடம் வந்துவிட்டால் அட்மிஷனே தேவைப்படாமல் போகலாம். இந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் படுத்தவருக்குத்தான் தெரியும்.

கோயிலைப் பற்றிக் கேட்காமல் இருப்பார்களா? குணசீலம் போய் வந்தவர்கள், ஏர்வாடி தர்காவில் தங்கியவர்கள், மந்திரித்துத் தாயத்துக் கட்டியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஆண் செவிலியர் ஒருவர், “போங்க, கும்பிடுங்க. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நம் மாநிலத்து முத்துசாமி கோயில் ஒன்றைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. மனநோயோடு அங்கே தங்கிய 31 பேரை மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. சங்கிலி இல்லை, அடி இல்லை, வீட்டார் ஒருவர் கூடவே தங்கினார், கோயில் வேலைகளில் அவர்களும் பங்கெடுத்தார்கள். கூட இருந்தவர்தான் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து வேண்டிய நோய் இது. ஆனால் மரியாதையான இடமும் பக்கத்தில் ஒரு தெரிந்த முகமும் செய்யும் வேலையை அந்த எண் காட்டுகிறது. இதற்கு மறுபக்கத்தை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் பார்த்தோம். தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 உயிர்கள். பெரும்பாலோரை அங்கே விட்டுப்போனதும் குடும்பங்கள்தான்.

இதனால்தான் நம் குடும்ப அமைப்பு உலகத்துக்கே முன்மாதிரி என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு அச்சம் வருகிறது. 1980களில் சண்டிகரில் நரேந்திர விக் குழுவினர் லண்டன் அளவுகோலைக் கொண்டு உறவினர்களை அளந்தபோது, சுடுசொல்லும் தலையீடும் அங்கே மேற்கைவிடக் குறைவாக இருந்தது உண்மை. அதை வைத்துக்கொண்டு குடும்பம் எப்படியும் பார்த்துக்கொள்ளும் என்று அரசும் மருத்துவர்களும் விலகி நின்றால், கடைசியில் அந்த ஒற்றைப் பெண் உடைவாள், பிறகு கொட்டகையும் சங்கிலியும் வரும். குடும்பம் தானாகத் தாங்காது. தாங்கும்படி அதைத் தாங்க வேண்டும். அதற்குச் சான்றும் இருக்கிறது. 1982இல் லெஃப் குழு வெளியிட்ட சிறிய ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் ஒன்பது மாதத்துக்குள் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. மருந்தோடு குடும்பத்துக்கும் பயிற்சி கொடுத்த வீடுகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை என்றாலும் திசை மாறவில்லை. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் இப்போது மூன்று மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குறைந்தது பத்து அமர்வு கொடுக்கச் சொல்கிறது.

இங்கே மூன்று வாரத்துக்குள் மூன்று நான்கு அமர்வு கிடைத்தால் பெரிது. அதற்குள் அப்பாவுக்கு அறுவடை, அண்ணனுக்கு ஷிஃப்ட். வார்டுக்கு ஒரே ஒரு சமூகப் பணியாளர். நோயாளி வீடு போன பிறகு யார் பார்ப்பார்கள் என்று அவரிடம் கேட்டேன். ஊர் ஆட்களைப் பயிற்றுவிக்கலாம் என்றார். கோவா, மகாராஷ்டிரம், தமிழ்நாடு மூன்று இடங்களில் 282 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் லான்செட்டில் வந்ததை எடுத்துக் காட்டினார். மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் நோயாளியோடும் குடும்பத்தோடும் வேலை செய்தபோது, ஒரு வருடத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. அந்த மூன்றில் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான் பலன் கூடுதல். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊர்தோறும் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி வரும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் கையில் இதையும் கொடுக்க நமக்கு என்ன தடை?

கூட்டம் கலையும்போது ஒரு பெரியம்மா எழுந்தார். எழுபதை நெருங்கும் வயது. தம்பிக்கு ஐம்பத்தைந்து. அப்பா அம்மா போன பிறகு முப்பது வருடமாக இவர்தான் பார்க்கிறார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “எனக்கு அப்புறம் இவன யாரு பாப்பாங்க?” என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. சமூகப் பணியாளரும் தேற்றிப் பேசவில்லை. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கியாயிற்றா, வீடு யார் பெயரில் இருக்கிறது, தம்பிக்குத் தனியாகச் சோறு வடிக்கத் தெரியுமா, பாங்குக்குப் போகத் தெரியுமா என்று கேட்டு எழுதிக்கொண்டார். சோறு வடிக்கத் தெரியாது என்றார் அக்கா. “எனக்குத் தெரியும்” என்றார் பின்னாலிருந்து தம்பி. “நீ விட மாட்டே.” மறுநாள் காலைக்குப் பயிற்சிக்கூடத்தின் சமையல் மேடையில் அவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். அக்கா அந்தப் பக்கம் வரக்கூடாது என்பது ஒப்பந்தம்.

ஆறு மணிக்கு டிஸ்சார்ஜ் தாள்கள் எழுதினார்கள். அந்தத் தாயும் தந்தையும் மகனும் வெள்ளிக்கிழமை வீடு போகிறார்கள். மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளும் போகிறது. அதில் மூன்று அடையாளங்கள், மாலை நேர ஏற்பாடு, மருந்தை அவனே எடுத்துக்கொள்வான், அம்மா ஒருமுறை மட்டும் கேட்பார் என்ற வரி. ரசத்தில் எதுவும் கலப்பதில்லை என்று அம்மா தன் கையெழுத்தில் எழுதியிருந்தார். அடையாளங்களுக்குக் கீழே மகன் தானே ஒன்று சேர்த்தான்: தூக்கம் இரண்டு ராத்திரி கெட்டால் முதலில் என்னிடம் கேட்க வேண்டும், பிறகு டாக்டருக்குப் போன். அண்ணன் இன்னும் ஒருமுறைகூட வரவில்லை. சார்பாளர் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை, வார நாளில் லீவு கிடைக்காது என்று போனில் சொன்னார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நான் இருக்கிறேன் என்று சமூகப் பணியாளர் அவருக்குப் பதினொரு மணி கொடுத்திருக்கிறார்.